அமைச்சர் பிரேக்

முக்தாரியாவிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு நகர்கிறது? அவள் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இதைக் கேட்காத ஆள் இல்லை. கல்யாண வீட்டில் குஸ்குஸ் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் கேட்பாள். பல் டாக்டர் அவள் வாய்க்குள் கருவியை நுழைத்துவிட்டுக் கேட்டார். பதில் சொல்ல வாயும் இல்லை, எழுந்து ஓட வழியும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஓரான் நகரத்திலிருந்து குன்றின் மேல் இருக்கும் செயற்கைக்கோள் மையத்துக்குப் போகிற டாக்ஸியிலும் அதே கதைதான். மையத்தின் பெயரைச் சொன்னதுமே ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்தபடியே வந்தது.

"அங்கதான் காத்தே கிடையாதே தங்கச்சி. அப்புறம் எதைப் புடிச்சுத் தள்ளும்?"

"எதையும் புடிச்சுத் தள்ள வேணாம். வயித்துல இருக்கிற வாயுவைப் பின்னால துப்பும், அது முன்னால போகும். அவ்வளவுதான் விஷயம்."

"துப்பினா போயிருமா? நானும் தினம் ஜன்னல் வழியாத் துப்புறேன். வண்டி ஒரு இஞ்சு நகரலையே."

படகில் நின்றுகொண்டு ஒரு தர்பூசணியைக் கரைக்கு வீசிப் பாருங்கள், படகு பின்னால் போகும், பழம் காற்றைத் தள்ளியதா என்ன, பழத்தை நீங்கள் தள்ளினீர்கள், பழம் உங்களைத் தள்ளியது என்று அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். ஆனால் படகு தண்ணீரில்தானே இருக்கிறது, தண்ணீரைத்தானே அது தள்ளுகிறது என்று அவன் கேட்டான். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். இந்த ஊரில் எல்லாருக்கும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும், எதிலாவது சாய்ந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அப்போதுதான் கைபேசி அடித்தது.

மிலூத் பேசினான். கட்டுப்பாட்டு அறையில் காலை முறைக்கு உட்காருகிற பையன்களில் கொஞ்சம் பொறுப்பானவன். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் ஆன பிறகும் அவளுக்கு அவன் பையன்தான்.

"அக்கா, ஸர்ஸூர் நிக்க மாட்டேங்குது."

ஸர்ஸூர் என்பது அவர்களுடைய செயற்கைக்கோள். குளிர்காலத்தில் ஒலிவப் பழம் தின்னக் கூட்டம் கூட்டமாக வருமே, அந்தக் குருவியின் பெயரை வைத்திருந்தார்கள். ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தின் அளவுதான் இருக்கும். அதைத் திருப்புவதற்கு அதன் எட்டு மூலைகளிலும் கட்டைவிரல் பருமனில் வாயு ஊதும் எட்டு நாசில்கள், நடுவில் ஒரு தொட்டி நைட்ரஜன். ஒரு பக்கம் ஊதினால் மறுபக்கம் திரும்பும். அந்த நாசில்களைக் கடைந்து, சோதித்து, பொருத்தியவள் முக்தாரியா. வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபோதுகூட அவள் இவ்வளவு கவனமாக நடந்ததில்லை என்று அவள் புருஷன் லக்தர் சொல்வான். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஐந்து வருடம் உயிரோடு இருக்க வேண்டிய குருவி அது. மேலே போய் இன்னும் ஆறு மாதம்கூட ஆகவில்லை.

என்ன செய்தாய் என்று கேட்டாள். அவன் சொல்லச் சொல்ல அவளுக்குக் காது அடைத்தது. வியாழக்கிழமை அமைச்சர் வருகிறார். அமைச்சரின் சொந்த ஊர்ப் பக்கம் புதிதாகக் கட்டிய அணையை மேலிருந்து படம் பிடித்து, சட்டம் போட்டு, அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று இயக்குநருக்கு ஆசை. அதற்காகத் தானியங்கியை அணைத்துவிட்டு, கையால் திருப்பு என்று மிலூத்துக்கு உத்தரவு போட்டிருக்கிறார். மிலூத் இடது பக்கம் ஒரு ஊது ஊதினான். திரும்பியது. இன்னும் கொஞ்சம் திரும்பட்டும் என்று இன்னொரு ஊது. இன்னும் கொஞ்சம் என்று நீளமாக மறுபடி, மறுபடி. பிறகு கையை எடுத்துவிட்டு அது நிற்பதற்காகக் காத்திருந்தான். அது நிற்கவில்லை. பம்பரமாகச் சுற்றிக்கொண்டே தொடுவானத்துக்குக் கீழே இறங்கிப் போய்விட்டது.

"நிக்கும்னு எந்த மடையன் உனக்குச் சொன்னான்?" என்று அவள் கேட்டாள்.

"சிமுலேட்டர்ல நிக்குதே அக்கா."

முக்தாரியா கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். மீதி வழி முழுக்க ஓட்டுநர் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தான். அவள் எதையும் காதில் வாங்கவில்லை. எந்த மடையன் என்று கேட்டது எவ்வளவு அபத்தம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இப்போதைய அமைச்சருக்கு முந்தைய அமைச்சர் வந்திருந்தார். அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே நடைபாதை ஓரக்கற்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் அடித்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு, மரங்களுக்கு இடுப்பு வரைக்கும் சுண்ணாம்பு, எங்கிருந்தோ வாடகைக்கு வந்த தொட்டிப் பேரீச்சைகள். யார் வந்தாலும் அப்படித்தான். எந்த ஊரிலும் பெரிய மனிதர் வருகிற பாதையில் ஒரு குழி இருக்கக் கூடாது. அமைச்சர் சிமுலேட்டரில் உட்கார்ந்து பிடியை ஆசையாக ஒரு அழுத்து அழுத்தினார். திரையில் நட்சத்திரங்கள் ஓட ஆரம்பித்தன. பிடியை விட்டார். நட்சத்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஓடத்தானே செய்யும்? காற்று இல்லை, தரை இல்லை, அது எதற்கு நிற்க வேண்டும்? அமைச்சருக்குத் தலை சுற்றிவிட்டது. எழுந்து வெளியே போய்த் தண்ணீர் கேட்டார். மதியச் சாப்பாட்டுக்கு அறுத்து வைத்த முழு ஆட்டைக் கையால்கூடத் தொடவில்லை.

மறுநாள் இயக்குநர் கர்னல் பூஸியான் அவளைக் கூப்பிட்டார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், மக்காவுக்குப் போய் வந்தவர், எல்லாரும் அவரை ஹாஜி என்றுதான் கூப்பிடுவார்கள். பிடியை விட்டால் நிற்கிற மாதிரி சிமுலேட்டரை மாற்று, கார் மாதிரி இருக்க வேண்டும் என்றார். அவள் அது பொய்யாகிவிடுமே என்றாள். பெரியவர்கள் வரும்போது மட்டும்தான் என்றார். அவள் ஒரு மத்தியானத்தில் நிரலில் ஒரு எண்ணைச் சேர்த்தாள். அதற்கு அமைச்சர் பிரேக் என்று தானே பெயரும் வைத்தாள். அமைச்சர் போனார், அமைச்சரவையே போனது, பிரேக் மட்டும் போகவில்லை. ஒரு தடவை தாழ்வாரத்தில் ஹாஜியை மறித்து அதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். அடுத்த வாரம் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், இருக்கட்டும் என்றார். அதற்கு அடுத்த வாரம் ஆளுநர். அதற்கு அடுத்தது யாரோ. அந்த எரிச்சலை அவள் ஒவ்வொரு சாயங்காலமும் லக்தரிடம் கொட்டித் தீர்ப்பாள். இதற்கு நடுவில் மிலூத் மாதிரி ஆட்கள் வேறு பிரிவிலிருந்து வந்து, அதே சிமுலேட்டரில் பழகி, பரீட்சை எழுதி, சான்றிதழும் வாங்கிவிட்டார்கள். யாராவது அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டுப்பாட்டு அறையில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஸர்ஸூர் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை தலைக்கு மேலே வரும். வந்தால் ஒரு டீ குடிக்கிற நேரம் பேசலாம். அன்று காலையில் இன்னும் இரண்டு தடவை வரும், பிறகு சாயங்காலம்தான். மிலூத் ஊதியது முதல் தடவை; இரண்டாவது தடவை அது வந்தபோது சமிக்ஞை விட்டு விட்டுக் கேட்டது. சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய மின்பலகைகள் ஒரு சுற்றுக்கு ஒரு கணம்தான் பார்த்தன. மின்கலம் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. நட்சத்திரங்களைப் பார்த்து வழி சொல்லும் அதன் கண்ணுக்கு எல்லாம் கோடு கோடாகத்தான் தெரிந்தது, அதனால் தானியங்கியைத் திரும்ப ஏவியும் பயனில்லை. சாயங்காலம் வரை இப்படியே விட்டால் குருவி செத்துப்போகும். இது அறையில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது, ஹாஜியைத் தவிர.

எதிர்ப்பக்கம் ஊத வேண்டும், இப்போதே, என்று முக்தாரியா சொன்னாள். ஹாஜி கையை உயர்த்தினார். வாயு பொன் மாதிரி, ஒரு பிடி வீண் பண்ணக் கூடாது என்றார். கொஞ்சம் பொறுங்கள், அது வேகம் குறைந்து தானாக நின்றுவிடும் என்றார்.

"எப்படி ஹாஜி நிக்கும்? நிறுத்துறதுக்கு அங்க என்ன இருக்கு?"

"சிமுலேட்டர்ல நானே எத்தனையோ தடவை ஓட்டியிருக்கேன் மகளே. விட்டா நின்னுருது. நீதானே செஞ்ச?"

"நீங்கதானே செய்யச் சொன்னீங்க?"

"அமைச்சருக்கு வசதியா செய்யச் சொன்னேன். பொய்யா செய்யச் சொல்லலையே."

அவளுக்கு மண்டை காய்ந்துவிட்டது. இந்த மனிதர் சொல்லித்தான் இந்தப் பொய் பிறந்தது. இப்போது அந்தப் பொய்யையே சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டு எதிரே நிற்கிறார். அதிலும் கொடுமை, நடிக்கவில்லை, நிஜமாகவே நம்புகிறார். மூன்று வருடம் விருந்தாளிகளுக்கு முன்னால் அதை ஓட்டிக் காட்டிக் காட்டி வானமே அப்படித்தான் என்று அவர் மனதில் பதிந்துபோயிருக்கிறது. இவர்கள் வாதாடி முடிப்பதற்குள் ஸர்ஸூர் மறுபடி இறங்கிப் போய்விட்டது. ஒரு தடவை வீணாகிவிட்டது. மிச்சம் இருப்பது ஒன்று.

முக்தாரியா கத்தவில்லை. கத்தினால் அவர் ராணுவக்காரராகிவிடுவார், பிறகு எதுவும் நடக்காது. அவள் பக்கத்து அறைக்குப் போனாள், சிமுலேட்டரைப் போட்டாள், அந்த எண்ணைத் தேடிப் பூஜ்ஜியமாக்கினாள். ஒரு விசையைத் தட்டுகிற வேலை. பிறகு ஹாஜியிடம் வந்து, அது தானாக நிற்கும் என்று நீங்களே ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிடுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன் என்றாள். ஓட்டச் சொன்னால் அவர் மாட்டேன் என்று சொன்னதே இல்லை.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது பக்கம் ஒரே ஒரு ஊது. நட்சத்திரங்கள் மெல்ல நகர ஆரம்பித்தன. பிடியிலிருந்து கையை எடுத்து மார்பில் கட்டிக்கொண்டு, இப்போது பார் என்கிற மாதிரி அவளைத் திரும்பிப் பார்த்தார். மிலூத்தும் மற்றவர்களும் கதவருகே நின்றார்கள். பெரிய மஞ்சள் நட்சத்திரம் ஒன்று திரையின் இந்த ஓரத்தில் புகுந்து அந்த ஓரத்தில் போனது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் இந்த ஓரத்தில் புகுந்தது.

காபி வந்தது. ஹாஜி குடித்தார். மஞ்சள் நட்சத்திரம் போனது, வந்தது. கீழே கடையிலிருந்து பையன் கரந்திகா வாங்கி வந்தான், ரொட்டிக்குள் வைத்துச் சீரகம் தூவிய சூடான கடலைமாவுப் பாளம். ஹாஜி ஒன்றை எடுத்து மென்றுகொண்டே திரையைப் பார்த்தார். முதலில் வந்த அதே வேகத்தில் அது வந்தது, அதே வேகத்தில் போனது. அவர் மெல்லுவதுதான் வரவர மெதுவானது. காகிதத்தைக் கசக்கி மேஜையில் வைத்துவிட்டு, நீ இதைக் கெடுத்து வைத்திருக்கிறாய் என்றார்.

"நான் எதையும் சேர்க்கல ஹாஜி. சேர்த்ததை எடுத்தேன்."

அவர் எதிர்ப்பக்கம் அழுத்தினார். அதிகமாகிவிட்டது, நட்சத்திரங்கள் மறுபக்கம் ஓடின. திரும்ப அழுத்தினார், இப்போது குறைந்துவிட்டது. விமானத்தைத் தலைகீழாக ஓட்டிக் கைத்தட்டல் வாங்கியவர், ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தை நேராக நிறுத்த முடியாமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த முக்தாரியாவுக்கு அவர்மேல் இருந்த கோபத்தோடு கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. அந்தப் பாவம் வேறு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஆயுசு முழுக்க உங்களைக் காத்து புடிச்சு நிறுத்துச்சு" என்றாள். "அங்க நிறுத்த யாரும் இல்ல. தள்ளினவங்கதான் திருப்பித் தள்ளணும். தள்ளின அளவுக்கு."

அப்படியானால் எவ்வளவு வாயு போகும் என்று கேட்டார். மிலூத் எவ்வளவு ஊதினானோ அவ்வளவும் இன்னொரு தடவை போகும் என்றாள். மிச்சத்தை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் ஓடாது, இரண்டு ஓடினால் பெரிது. அவளே கடைந்த நாசில்கள், ஒரு துளி கசியாமல் இருக்க வேண்டும் என்று எத்தனை நாள் தூக்கம் விட்டிருப்பாள். அத்தனையும் ஒரு படத்துக்காக ஊதித் தீர்ந்தது. ஹாஜி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே ஆட்கள் ஓரக்கற்களுக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"செய்யி. ஆனா பொறுப்பு உன்னோடது."

பார்த்தாயா, இதுதான் இந்த மனிதர் என்று அவளுக்கு வந்தது. ஆனால் அதற்கெல்லாம் அப்போது நேரம் இல்லை.

மூன்றாவது தடவை ஸர்ஸூர் வந்தபோது மின்கலம் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மிலூத் எழுந்து இடம் விட்டான், நீங்களே உட்காருங்கள் அக்கா என்றான். அவள் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். நீதானே தள்ளினாய், எவ்வளவு தள்ளினாய் என்று உன் விரலுக்குத் தெரியும், ஊது என்றாள். அவன் வலது பக்கம் ஊதினான். காலையில் ஊதியதைப் போலவே ஒன்று, இன்னொன்று, பிறகு அந்த நீளமானவை. விட்டு விட்டுக் கேட்ட சமிக்ஞையின் இடைவெளி நீண்டது, இன்னும் நீண்டது. கடைசி ஊது முடிந்தபோது சத்தம் ஒரே இழையாக நீண்டு கேட்டது, அறுபடவே இல்லை. அவள் இன்னும் ஒரு சின்ன ஊது, இடது பக்கம், கண் சிமிட்டுகிற நேரம் என்றாள். அவன் செய்தான். நட்சத்திரக் கண்ணுக்குக் கோடுகள் போய்ப் புள்ளிகள் தெரிந்தன. தானியங்கி பிடித்துக்கொண்டது. பலகைகள் சூரியனைப் பார்த்தன.

மிலூத் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தாழ்வாரம் கூட்டுகிற பெண்ணுக்கு விஷயம் என்னவென்று தெரியாது, ஆனால் நல்லது ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்து, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நீளமாக ஒரு குலவை போட்டாள். முக்தாரியா தொட்டியின் அளவைப் பார்த்தாள். நினைத்ததைவிட ஒரு நூல்கூட அதிகம் மிச்சமில்லை. அழலாம் என்று இருந்தது, அவளுக்கு அழுகையும் வரவில்லை.

அப்போது ஹாஜி அவள் பக்கத்தில் வந்து நின்றார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்லப் போகிறார் என்று அவள் நினைத்தாள், பைத்தியக்காரி.

"வியாழக்கிழமைக்குள்ள சிமுலேட்டர்ல அந்த பிரேக்கைத் திருப்பிப் போட்டுரு மகளே. இவருக்கும் தலை சுத்திரப் போகுது."

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் பாத்திரங்களைப் போட்ட போட்டில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டிவிட்டு வந்த லக்தர் ஆரஞ்சு உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். அந்த மனிதருக்குச் சூடு சொரணையே கிடையாதா, ஒரு குருவியைக் கொல்லப் பார்த்துவிட்டு மறுபடி அதே பிரேக்கைக் கேட்கிறாரே என்று அவள் நிறுத்தாமல் பொரிந்தாள். லக்தர் ஒரு சுளையை அவளிடம் நீட்டினான்.

"மூணு வருஷமா என்கிட்ட சொல்ற. அவர்கிட்ட எப்ப சொன்ன?"

ஒரு தடவை தாழ்வாரத்தில் கேட்டேனே என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் விட்டாள். ஒரு தடவை கேட்டுவிட்டு, மூன்று வருடம் அது தானாக நிற்கும் என்று அவளும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். ஹாஜி கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னதற்கு மண்டை காய்ந்தவள் அவள். வெட்கம் வந்தது, அதைவிட அதிகமாகத் தன்மேலேயே கோபம் வந்தது. ஆரஞ்சுச் சுளை புளித்தது என்று அதன்மேல் பழியைப் போட்டாள்.

வியாழக்கிழமை காலை ஓரக்கற்கள் பளபளவென்று இருந்தன, தொட்டிப் பேரீச்சைகள் வந்திறங்கிவிட்டன, பின்வாசலில் ஆடு நெருப்பில் சுழன்றுகொண்டிருந்தது. ஹாஜி புது கோட்டில் வந்து, போட்டுவிட்டாயா என்று கேட்டார்.

"போடல ஹாஜி. போட மாட்டேன். இன்னைக்கு இல்ல, என்னைக்குமே இல்ல."

அவர் முகம் ஓரக்கல்லின் சிவப்புக்கு வந்தது. இதற்கெல்லாம் என்ன நடக்கும் தெரியுமா, உன்னைத் தமன்ராசெட்டுக்கு மாற்றிவிடுவேன், பாலைவனத்தில் ஒட்டகத்துக்குப் பாடம் எடு என்றார். எடுக்கிறேன், ஒட்டகம் ஒரு தடவை சொன்னால் கேட்டுக்கொள்ளும் என்றாள். வேறு யாரையாவது வைத்துப் போடலாம் என்றால் அந்த எண் எங்கே இருக்கிறது என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அதற்குள் வாசலில் கறுப்புக் கார்களின் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. ஹாஜி அவளை முறைத்துக்கொண்டே சிரித்த முகத்துக்கு மாறி வெளியே ஓடினார்.

அமைச்சர் உயரமானவர், அவசரக்காரர். சிமுலேட்டரில் உட்கார்ந்து பிடியை ஒரு அழுத்து அழுத்திவிட்டு விட்டார். நட்சத்திரங்கள் ஓடின. அறையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நட்சத்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. இது ஏன் நிற்கவில்லை என்று அவர் கேட்டார். ஹாஜி தொண்டையைக் கனைத்தார்.

"ஆயுசு முழுக்க நம்மளைக் காத்து புடிச்சு நிறுத்துதுங்க ஐயா. அங்க நிறுத்த யாரும் இல்ல. தள்ளினவங்கதான் திருப்பித் தள்ளணும். தள்ளின அளவுக்கு."

முக்தாரியாவுக்கு வாய் பிளந்துவிட்டது. அப்படியே அவளுடைய வார்த்தை. பிறந்ததிலிருந்தே தெரிந்த மாதிரி எவ்வளவு நிதானமாகச் சொல்கிறார் பார் என்று இருந்தது. அமைச்சருக்கு அது பிடித்துப்போயிற்று. எதிர்ப்பக்கம் அழுத்தினார், கூடக் குறைய ஆகி, நான்காவது தடவையில் நிறுத்திவிட்டார். பிள்ளையைப் போலச் சிரித்தார். தலை சுற்றவே இல்லை. இதற்குத்தான் மூன்று வருடம் பிரேக் போட்டு வைத்திருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு அமைச்சர் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு, எங்கள் அணைப் படம் எங்கே என்று கேட்டார். முக்தாரியா முந்திக்கொண்டாள். அதற்குக் குருவியைத் திருப்ப வேண்டும், திருப்பியதை நிறுத்த வேண்டும், இரண்டுக்கும் வாயு வேண்டும், வாயு குறைந்துபோய்விட்டது என்றாள். அமைச்சர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார், ஆனால் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. பெரியவர்கள் பெரியவர்களிடம்தான் கேட்பார்கள். ஹாஜி பக்கம் திரும்பி, ஒரே ஒரு படம்தானே, அடுத்த வாரம் கிடைத்துவிடுமா என்றார்.

கிடைத்துவிடும் ஐயா என்பதுதான் அவருடைய வழக்கமான பதில். ஹாஜியின் வாயிலிருந்து இதைத் தவிர வேறு பதில் ஒரு அமைச்சருக்கு வந்து அந்த மையத்தில் யாரும் கேட்டதில்லை. இல்லாததைக்கூட அடுத்த வாரம் என்பார், அடுத்த வாரம் அவர்கள் மறந்துவிடுவார்கள். ஆனால் இந்தத் தடவை மறக்க மாட்டார்கள், சொந்த ஊர் அணை. ஹாஜி சரி என்று சொன்னால் திங்கட்கிழமை மிலூத் ஊத வேண்டியிருக்கும், இரண்டு வருடம் ஒன்றாகும். முக்தாரியா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு கணம் நின்றுபோன நட்சத்திரங்களைப் பார்த்தார், பிறகு ஜன்னலுக்கு வெளியே ஓரக்கற்களைப் பார்த்தார்.

"கிடைக்காதுங்க ஐயா" என்றார். "அடுத்த வாரமும் கிடைக்காது."

அமைச்சர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வேறு நிகழ்ச்சி இருக்கிறது என்றார். கறுப்புக் கார்கள் ஆட்டைத் தொடாமலே போயின. உதவியாளர் ஒருவன் மட்டும் பின்தங்கி, கர்னல் உங்கள் முழுப் பெயரை எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டுக் கைபேசியில் குறித்துக்கொண்டு போனான்.

வாடகைப் பேரீச்சைகளுக்கு நடுவில் ஹாஜி தனியாக நின்றார். முக்தாரியா பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

"மகளே, தமன்ராசெட்டுல இந்த மாசம் வெயில் எப்படி இருக்கும்?"